வெள்ளைச் சரிவைத் தாண்டும் பிடிப்பு

ஸ்குக்கெதால்
6 ஜனவரி 1986

அன்புள்ள தோர்யுஸ்,

'அன்புள்ள' என்பது பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. அதை வைத்து என் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே.

கிறிஸ்துமஸுக்குக் கீழே வருகிறேன் என்றாய். உப்பு ஆட்டு விலாவை ஊறவைத்து, வேகவைத்து, இரண்டு தட்டு எடுத்து வைத்துக் காத்திருந்தேன். புத்தாண்டுக்கு என்றாய். அதுவும் போயிற்று. அணைக்கட்டு வீட்டில் காவல் இருக்கிறவன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இறங்கி வருவதுதான் எப்போதும் வழக்கம். நீ செப்டம்பரில், பனி விழுவதற்கு முன்னால் ஏறினாய். இன்னும் இறங்கவில்லை. உனக்குப் பதிலாக அங்கே இருக்கிறேன் என்று குன்னுல்வ் ஒவ்வொரு முறையும் சொல்கிறான். மூன்று பிள்ளைக்குத் தகப்பன், மின்கம்பியைச் சோதிக்கிற வேலையோடு உன் ரொட்டியையும் சுமந்துகொண்டு பனி சரிந்து விழும் அந்த வெள்ளைச் சரிவைத் தாண்டிப் போய், தாண்டி வருகிறான். நீ அவனுக்குக் காபி கொடுத்துக் கையசைத்து வழியனுப்புகிறாய்.

நேற்று அவனை உட்காரவைத்துக் கேட்டேன். மென்று முழுங்கினான். கடைசியில் சொன்னான்: "அக்கா, அண்ணன் வாசலுக்கு வந்தாரு. சறுக்குப் பலகைய மாட்டினாரு. கோலைக் கையில எடுத்தாரு. அப்புறம் குனிஞ்சு கால்ல இருக்கற பிடிப்பைப் பாத்தாரு. 'இது சரியில்லடா'ன்னாரு. கழட்டிட்டு உள்ள போயிட்டாரு."

பிடிப்பு சரியில்லையாம்! பனிச்சறுக்குப் பலகைக் கடையில் பத்து வருஷமாகப் பிடிப்பு பூட்டிக்கொடுக்கிறவளின் புருஷனுக்குப் பிடிப்பு சரியில்லையாம். நம்மூர்ப் பலகையில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? காலணியின் விரல்முனை பலகையோடு பூட்டியிருக்கும், குதிகால் எழும்பும். மூன்று முள், அதை அழுத்தும் ஒரு கம்பி வளையம். முள் தேய்ந்ததா? காலணி அடியில் இருக்கும் துளை பெரிதாகிவிட்டதா? எழுது. சமாளிக்காமல் எழுது. எதற்கும் ஒரு புது ஜோடி முள் பிடிப்பு குன்னுல்விடம் கொடுத்திருக்கிறேன். இடது வலது பார்த்துப் பூட்டு.

இன்னொன்று. கடை முதலாளி ஷியனில் ஒரு கடை திறக்கிறார். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். ஈஸ்டருக்குள் பதில் வேண்டுமாம். எனக்கு மலையே தெரியாத ஊருக்குப் போக ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் வெயிலே எட்டிப் பார்க்காத இந்தப் பள்ளத்தில் தனியாகக் கிடக்கவும் என்னால் முடியாது. ஈஸ்டருக்குள் நீ உன் காலால் இறங்கி வந்தால் சேர்ந்து பேசி முடிவெடுப்போம். வராவிட்டால் நான் போய்விடுவேன். மிரட்டல் இல்லை. உண்மையைச் சொல்கிறேன்.

கம்பெனி போனில் கூப்பிடாதே. கண்ட்ரோல் ரூமில் லெய்வ் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஓஸ்னெ


லங்வட்ன் அணைக்கட்டு வீடு
19 ஜனவரி 1986

அன்புள்ள ஓஸ்னெ,

நான் பழக்கதோஷத்தில் எழுதவில்லை.

பிடிப்பு வந்து சேர்ந்தது. நல்ல பிடிப்பு. குறை ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போன மார்ச்சில் நடந்ததை உனக்கு நான் முழுசாகச் சொன்னதே இல்லை. நீயும் கேட்கவில்லை. காவல் மாற்றும் நாள் இல்லை அது; பனி அளக்க இரண்டு பேரும் சேர்ந்து வந்தோம். உன் அண்ணன் எல்லாவற்றையும் சரியாகவே செய்தான். சரிவுக்கு முன்னால் நின்று, கோலின் வாரிலிருந்து கையை உருவிக்கொண்டான். பலகையைக் கணுக்காலோடு கட்டியிருந்த வாரை அவிழ்த்தான். நானும் அவிழ்த்தேன். ஒரு ஆள் தாண்டி முடிக்கும்வரை மற்ற ஆள் நிற்க வேண்டும். நின்றான். நான் தாண்டி முடித்துத் திரும்பி, "வா மச்சான்" என்று கை காட்டினேன். அவன் பாதி தூரம் வந்திருந்தான். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பெரிய துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். சரிவுப் பனி மொத்தமும் அவனோடு இறங்கிவிட்டது.

தோண்டி எடுத்தபோது இரண்டு பலகையும் காலிலேயே இருந்தன. மூன்று முள்ளும் துளையில் உட்கார்ந்தபடி, வளையம் இறுக்கிப் பிடித்தபடி, கடையில் பூட்டிக்கொடுத்த மாதிரி. பலகை கழன்றிருந்தால் அவன் மேலே வந்திருப்பான். கழலாததால் அது அவனை உள்ளே இழுத்துவிட்டது. வாரை அவிழ்த்து என்ன பிரயோஜனம், முள் விடவில்லையே.

அதனால் முள் பிடிப்பு வேண்டாம். குதிகாலைச் சுற்றி வருகிற கம்பிப் பிடிப்பு இருக்கிறதல்லவா, ஸ்பிரிங் வைத்தது? விழுந்தால் அது நழுவும் என்று கேள்விப்பட்டேன். அதை ஒன்று அனுப்பு. அது இருந்தால் வந்துவிடுவேன்.

இங்கே ஜன்னல் பாதிவரை பனி மூடிவிட்டது. பின்பக்கம் மேட்டுநிலம், ஆள் அரவமே இல்லாத வெள்ளை. முன்பக்கம் சரிவு. நடுவில் நான், பொறியில் மாட்டிய எலி மாதிரி. நீர்மட்டத்தைப் பார்க்கிறேன், போனில் சொல்கிறேன், விறகு பிளக்கிறேன், தூங்குகிறேன். ஏரி உறைந்து கிடப்பதால் மட்டம் மாறுவதே இல்லை. தினமும் ஒரே எண்ணை லெய்விடம் சொல்கிறேன். அவனும் தினமும் நன்றி சொல்கிறான்.

ஷியனுக்குப் போய்விடாதே.

தோர்யுஸ்


ஸ்குக்கெதால்
2 பிப்ரவரி 1986

தோர்யுஸ்,

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் கடையில் ஒரு பெண்ணின் பலகையில் இடது பிடிப்பை வலதிலும் வலதை இடதிலும் பூட்டிவிட்டேன். அவள் வாசலிலேயே குப்புற விழுந்தாள். முதலாளி என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

ஹல்வோர் எனக்கும் அண்ணன்தான். உன்னோடு வேலை பார்த்தவன் மட்டும் இல்லை. அவன் சாவுக்கு நீ மட்டும்தான் சொந்தக்காரன் மாதிரி அங்கே போய் உட்கார்ந்துகொண்டாய். நான் யாரிடம் போய் அழுவேன்? கல்லறைத் தோட்டத்தில் பனியை ஒதுக்கி மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறேன். பக்கத்தில் நிற்க ஒரு ஆள் இல்லை.

நீ கை காட்டியதாலா அவன் வந்தான்? அவன் முறை வந்தது, வந்தான். நீ முன்னால் போயிருக்காவிட்டால் அவன் முன்னால் போயிருப்பான், நான் இப்போது யாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன்? இதையெல்லாம் நீ யோசிப்பதே கிடையாது. முள்ளையும் வளையத்தையும் மட்டும் யோசிக்கிறாய்.

சரி, கம்பிப் பிடிப்பு அனுப்பியிருக்கிறேன். நன்றாகக் கேட்டுக்கொள். ஸ்பிரிங்கை அதிகம் முறுக்காதே. காலணியை மாட்டிக் குதிகாலை எழுப்பினால் கம்பி இழுபடவேண்டும், ஆனால் விரலை நெரிக்கக்கூடாது. முழங்காலை மடக்கித் திரும்பிப் பார். பின்கால் குதிகால் லொடலொடவென்று ஆடினால் அரைச் சுற்று முறுக்கு. பழைய துளைக்குப் பக்கத்தில் புதுத் துளை போடாதே, மரம் பிளந்துவிடும். பழைய துளையில் பசை தடவி மர ஆணி அடித்து மூடு. இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் உன்னை நம்ப முடியவில்லை.

விழுந்தால் கம்பி நழுவுமா என்று கேட்டாய். சில சமயம் நழுவும், சில சமயம் நழுவாது. பொய் சொல்லி உன்னை வரவழைக்க எனக்கு ஆசைதான். வாய் வரவில்லை.

ஓஸ்னெ


லங்வட்ன்
16 பிப்ரவரி 1986

அன்புள்ள ஓஸ்னெ,

கம்பிப் பிடிப்பைப் பூட்டினேன். நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். அப்புறம் வீட்டுக்கு முன்னால் இருக்கும் மேட்டிலிருந்து வேண்டுமென்றே விழுந்து பார்த்தேன். முன்னால் விழுந்தால் கழல்கிறது. பக்கவாட்டில் விழுந்தால் கழலவில்லை. பின்னால் விழுந்தால் ஒரு கால் கழல்கிறது, இன்னொன்று கழலவில்லை. ஒரு கால் மட்டும் கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். இடுப்பெல்லாம் கன்றிப்போய்விட்டது. குன்னுல்வ் வந்தபோது நான் பனிக்குள் தலைகீழாகக் கிடந்தேன்.

"என்னண்ணே, யாராவது தள்ளி விட்டாங்களா?"

"சோதனை பண்றேன்டா."

அவன் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "குதிரைச் சந்தையில பல்லைப் பாக்கறவன்கூட ரெண்டு குதிரையோட முடிச்சிக்குவான். நீங்க வாங்கவும் மாட்டீங்க, சந்தைய விட்டுப் போகவும் மாட்டீங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

தகட்டோடு கழலும் பிடிப்பு என்று ஒன்று புதிதாக வந்திருப்பதாகச் சொன்னான். எந்தப் பக்கம் திருகினாலும் தகடே காலணியோடு கழன்று வந்துவிடுமாம். அதுதான் எனக்கு வேண்டியது. ஆனால் இன்னொரு யோசனையும் வருகிறது. கழலக்கூடாத இடத்தில் கழன்றுவிட்டால்? பலகை தனியாகச் சரிந்து போய்விட்டால், இடுப்பளவு பனியில் ஒற்றைக் காலோடு நின்று விறைத்துச் சாக வேண்டியதுதான். கழன்றாலும் சாவு, கழலாவிட்டாலும் சாவு. ராத்திரியெல்லாம் இதே ஓடுகிறது. ஆனாலும் அதை அனுப்பு.

சரிவு வரை ஒருநாள் போய்ப் பார்த்தேன். பனி சரியில்லை, காற்று அடித்துக் குவித்திருந்தது. திரும்பிவிட்டேன்.

உன் அழுகைக்கு நான் பக்கத்தில் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மடித்து உள்ளே வைத்துவிட்டு மற்றதைப் படிக்க வேண்டியிருந்தது.

தோர்யுஸ்


ஸ்குக்கெதால்
2 மார்ச் 1986

தோர்யுஸ்,

தகட்டுப் பிடிப்பு இதோ. கடையில் இருந்ததே இந்த ஒரு ஜோடிதான். இதற்கு மேல் உலகத்தில் பிடிப்பு கிடையாது. இதிலும் குறை கண்டுபிடித்தால் நீயே உட்கார்ந்து ஒன்று செய்துகொள்.

நீ பயப்படுகிறாய். அதைச் சொல்லிவிட்டுப் போயேன்! முள்ளாம், கம்பியாம், தகடாம். பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்டால் நான் என்ன சிரித்துவிடவா போகிறேன்? (குன்னுல்வ் சிரிப்பான். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.) கம்பெனிக்குப் போன் போட்டு ஹெலிகாப்டர் கேள். கேட்கமாட்டாய், தெரியும். எதற்கு என்று லெய்வ் கேட்பான், நீ பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பேசாமல் இந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேயே மக்கிப் போய்விடலாம் என்று இருக்கிறாய்.

நேற்று வெயில் எதிர்மலையின் நெஞ்சுவரை இறங்கியது. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் நம் தெருவுக்கு வந்துவிடும். எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். நான் எதற்கு வரவேண்டும்? யாரோடு உட்கார?

முதலாளி மறுபடி கேட்டார். ஈஸ்டர் மார்ச் முப்பது. அதற்கு முந்தைய நாள்வரை உனக்காகப் பொறுப்பேன். அப்புறம் உன்மேல் சத்தியமாக மூட்டை கட்டிவிடுவேன்.

பலகை ஏற்கெனவே இரண்டு தடவை துளை வாங்கிவிட்டது. கவனம். அதே பலகையில் மூன்றாவதாகப் போட்டால் சல்லடைதான். முடிந்தால் ஹல்வோருடைய பலகையை எடுத்துக்கொள், அது அங்கே சுவரில்தானே தொங்குகிறது. அவன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டான்.

ஓஸ்னெ


ஸ்குக்கெதால், நம் வீடு
21 மார்ச் 1986

ஓஸ்னெ,

இதை நம் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ அங்கே என் கட்டிலில். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மச்சானுடைய பலகையில் துளை போட எனக்குக் கை வரவில்லை. துரப்பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றுவிட்டு, என் பலகையிலேயே மூன்றாவதாகப் போட்டேன். தகடு அழகாக உட்கார்ந்தது. வியாழக்கிழமை விடிந்ததும் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலைத் தாண்டி முதல் திருப்பம், முழங்காலை மடக்கினேன், காலுக்கடியில் படக்கென்று முறிந்தது. பிடிப்பு கழலவே இல்லை. பலகைதான் துளைக்குத் துளை பிளந்து இரண்டாகப் போய்விட்டது.

உள்ளே வந்து போனை எடுத்தேன். ஹெலிகாப்டர் வேண்டும் என்றேன். லெய்வ், "என்ன ஆச்சு?" என்றான். "பலகை உடைஞ்சிடுச்சு" என்றேன்.

"அதுக்கா ஹெலிகாப்டர்? குன்னுல்வ் சனிக்கிழமை வர்றான்ல, வேற ஜோடி குடுத்து அனுப்பறேன்."

சரி என்று வைத்திருக்கலாம். வாய்வரை வந்தது. அப்போது பார்த்து உன் கடிதம் மேசையில் கிடந்தது, குன்னுல்வ் சிரிப்பான் என்ற அந்த அடைப்புக்குறி தெரிந்தது.

"பலகை இல்ல லெய்வ். எனக்குப் பயமா இருக்கு. சரிவைத் தாண்ட முடியல. முதல் பனி விழுந்ததுலேருந்து முடியல."

லைனில் இன்னும் யார் யார் இருந்தார்களோ. அப்புறம் அவன், "சரிண்ணே. அனுப்பறேன். ஏரிதான் உறைஞ்சு கெடக்கே, ரெண்டு மூணு நாள் ஆள் இல்லாட்டி பரவால்ல" என்றான். கிண்டல் இல்லை. அந்தக் குரலில் கிண்டல் இல்லாததுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

மேலிருந்து பார்த்தால் சரிவு ஒரு கைக்குட்டை அளவுதான். கண்ணை மூடிக்கொண்டேன். அதனால்தான் உன்னைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் கதவில் உன் கையெழுத்து: 'மேலே போகிறேன், அந்த மனுஷனைக் காதைப் பிடித்து இழுத்துவர.'

நீ நல்லபடியாகச் சேர்ந்துவிட்டாய் என்று லெய்வ் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். போனில் என்னோடு பேசமாட்டேன் என்றாயாமே. சரி. சனிக்கிழமை குன்னுல்வ் இதைக் கொண்டுவருவான். அவனோடு இறங்கி வந்துவிடு. அடுப்பில் விறகு போட்டு வீட்டைச் சூடாக வைத்திருக்கிறேன்.

தோர்யுஸ்


லங்வட்ன்
22 மார்ச் 1986

தோர்யுஸ்,

குன்னுல்வ் வாசலில் நிற்கிறான், அவசரமாக எழுதுகிறேன். இல்லை, அவன் நிற்கட்டும், நிதானமாகவே எழுதுகிறேன்.

பழையது மூன்றாவது துளைக்குத் தாங்காது என்று உனக்குப் புதுப் பலகை ஒரு ஜோடி முதுகில் கட்டிக்கொண்டு ஏறினேன். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போனது. 'நோகாமல் போகிறவன் எவனோ' என்று திட்டினேன். அது நீதான். சரிவுக்கு வந்ததும் வாரை அவிழ்த்தேன், கையை உருவினேன், உன்னை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே தாண்டினேன். கோபத்தில் கால் பறந்தது. இடது வலது பார்க்கவில்லை. 'இவ்வளவுதானா, இதற்குத்தானா' என்று இந்தப் பக்கம் வந்து ஏறியபோது உன் தடத்தைப் பார்த்தேன்.

வீட்டு வாசலிலிருந்து சரிவின் விளிம்புவரை ஒரே கோடு. ஒருநாள் போய்ப் பார்த்த தடமா அது? தெருமாதிரி அழுந்திக் கல்லாகிக் கிடக்கிறது. தினமும் போயிருக்கிறாய். விளிம்பில் வந்து நின்று நின்று பனி பள்ளமாகிவிட்டது, உன் கோலை ஊன்றிய குழிகளோடு. அதற்கு அப்பால் ஒரு அடிகூட இல்லை. அந்தப் பள்ளத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். நீ ஏன் இதை எனக்கு எழுதவில்லை? ஏன் 'ஒருநாள்' என்று எழுதினாய்? நான் உன்னைக் குளிர்காலம் முழுக்கக் கோழை என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் வந்தால் நீ இல்லை. காபிக் கெண்டி இன்னும் இளஞ்சூட்டில் இருந்தது. லெய்வுக்குப் போன் போட்டு நீ தினமும் சொல்கிற நீர்மட்ட எண்ணைச் சொன்னேன். நன்றி சொன்னான்.

இன்று காலை குன்னுல்வ் வந்தான். "அக்கா, பனி நல்லா இறுகியிருக்கு. இன்னிக்கு மாதிரி ஒரு நாள் கெடைக்காது. வாங்க, இறங்கிடலாம்." கிளம்பினேன். விளிம்புக்கு வந்தோம். வரும்போது கீழே பார்க்காதவள், இப்போது பார்த்துவிட்டேன். அண்ணனைத் தோண்டிய இடத்தில் நீங்கள் நட்டுவைத்த கம்பு இன்னும் நிற்கிறது. கோபம் எதுவும் மிச்சம் இல்லை, தோர்யுஸ். எல்லாவற்றையும் வரும்போதே செலவழித்துவிட்டேன் போலிருக்கிறது. குன்னுல்வ் "அக்கா?" என்றான். நான் குனிந்து என் பிடிப்பைப் பார்த்தேன். நானே பூட்டிய பிடிப்பு. "இது சரியில்ல, குன்னுல்வ்" என்றேன்.

அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "ஐயோ கடவுளே, நீங்களுமா" என்று பனியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவன் திரும்பிப் போகிறான். நான் போகவில்லை. ஹெலிகாப்டரை நினைத்தேன். அதில் ஏறி வந்துவிட்டால் இந்த வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒன்றை விட்டுவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றுகிறது. சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நீ இறங்கி வந்துவிட்டாயே, உனக்கு அப்படித் தோன்றுகிறதா?

எனக்குப் பயமாக இருக்கிறது. பிடிப்பு எதுவும் அனுப்பாதே.

ஓஸ்னெ


ஸ்குக்கெதால்
26 மார்ச் 1986

என் ஓஸ்னெ,

ஆமாம், அப்படித்தான் தோன்றுகிறது. கீழே வந்து ஆறு நாளாகிறது, நான் இன்னும் வரவில்லை. நேற்று வெயில் தெருவுக்கு வந்துவிட்டது. எல்லோரும் நாற்காலியோடு வாசலில். என்னைப் பார்த்துக் கையசைக்கிறார்கள், ஆரஞ்சு உரித்துக் கொடுக்கிறார்கள், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

இன்று காலை உன் கடைக்குப் போனேன். சுவர் முழுக்கப் பிடிப்பு. முதலாளி, "எது வேணும் தோர்யுஸ்? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார். யோசித்தது போதும் என்றேன். ஒரு புதுப் பலகையில் முள் பிடிப்பைப் பூட்டி எடுத்துக்கொண்டேன். மச்சான் மாட்டியிருந்த அதே வகை. அது நல்லது என்பதற்காக இல்லை. எதை மாட்டினாலும் பனி சரிகிற நாளில் சரியும், சரியாத நாளில் சரியாது. பனியைப் பார்க்க எனக்குத் தெரியும், குன்னுல்வுக்கும் தெரியும். மூன்று நாளாகக் குளிர் விடாமல் இருக்கிறது, காற்றும் இல்லை. நல்ல நாள் என்றால் அது நாளைதான். பிடிப்பைப் பற்றி யோசித்த நேரமெல்லாம் நான் பனியைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

நாளை வருகிறேன். குன்னுல்வ் முதலில் தாண்டி வந்து இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பான். நீ விளிம்பில் நில், ஆனால் ஒரு அடிகூட முன்னால் வைக்காதே. படித்து முடித்து நிமிர்ந்து பார். எதிர்ப்பக்கம் நான் நிற்பேன்.

ஒரு உதவி செய். என்னைத் திட்டு. நீ என்னை வைதுகொண்டே தாண்டினேன் என்று எழுதியிருந்தாயே, அதையே நான்கு தடவை படித்தேன். எனக்கு யார்மேலும் கோபம் வராது, அது என் சாபக்கேடு. உன் கோபத்தைக் கொஞ்சம் கடன் கொடு. நான் கிளம்பியதிலிருந்து உன் பக்கம் வந்து சேரும்வரை வாய் ஓயாமல் திட்டு. சரிவில் கத்தினால் பனி விழும் என்று சொல்வார்களே என்று குன்னுல்விடம் கேட்டேன். "அதெல்லாம் சும்மா கதைண்ணே. பனிக்குக் காது கெடையாது. அக்கா கத்தி எதுவும் விழும்னா நம்ம ஊரே எப்பவோ மூடிப் போயிருக்கும்" என்றான்.

நிறுத்திவிடாதே. உன் சத்தம் நின்றால் நானும் நின்றுவிடுவேன்.

தோர்யுஸ்


லங்வட்ன்
27 மார்ச் 1986, பெரிய வியாழன்

தோர்யுஸ்,

நீ காலணியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் குறுக்கே விழுந்து தூங்குகிறாய். குறட்டை வேறு. குன்னுல்வ் உன் ஏரி எண்ணை லெய்விடம் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் காவல் தன்னுடையது என்று சட்டமாகப் பேசிவிட்டு விறகு பிளக்கப் போயிருக்கிறான். நான் பக்கத்தில் இருந்துகொண்டே கடிதம் எழுதுவதற்குக் காரணம், தொண்டை போய்விட்டது. ஒரு சொல் வரவில்லை. காற்றுதான் வருகிறது.

என்னவெல்லாம் சொன்னேன் என்று உனக்கு முழுசாகக் கேட்டிருக்காது. எழுதியே தருகிறேன். கல்யாணத்துக்கு நேரங்கழித்து வந்ததைச் சொன்னேன். ஈரச் சாக்ஸை அடுப்பில் தீய்த்ததைச் சொன்னேன். என் அம்மா கொடுத்த கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு, மிச்சத் திருகாணிகளை டப்பாவில் வைத்திருப்பதைச் சொன்னேன். சொல்ல வேறு இல்லாமல் உன் அம்மாவையும் இழுத்துவிட்டேன், அதற்கு மன்னித்துக்கொள். நடுவில் வந்து நீ நின்றாயே, அந்தக் கம்புக்கு நேராக, அப்போது எனக்குத் திட்டே வரவில்லை. "அண்ணனையும் விட்டுட்டேன், உன்னையும் விட்டா நான் என்னய்யா பண்ணுவேன், நடய்யா, கால எடுத்து வைய்யா" என்று கத்தினேன். அதோடுதான் குரல் உடைந்தது. அப்புறம் கேட்டதெல்லாம் குன்னுல்வ். மூன்று பிள்ளை பெற்றவன் வாயில் அப்பேர்ப்பட்ட வார்த்தையெல்லாம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

நீ கையெட்டும் தூரத்துக்கு வந்ததும் நான் உன்னை அறைந்தேனா, கட்டிக்கொண்டேனா? இரண்டும் செய்தேன் என்கிறான் அவன்.

முதலாளிக்கு எழுதப்போகிறேன். ஷியன் கடையில் பலகைக்கு மெழுகு பூச இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கிறதா என்று. நீ வேண்டாம் என்றால் எழுந்ததும் சொல்.

நாளை இறங்க வேண்டும். முதலில் நீ போ. அந்தப் பக்கம் போய் நின்று திரும்பி, என்னைத் திட்டு. நான் தாண்டி முடிக்கும்வரை நிறுத்தாதே. உனக்குத் திட்ட வராது, பதினேழு வருஷமாகப் பார்க்கிறேன். ஆகையால் எழுந்ததும் காபி போடு, குடித்துக்கொண்டே பழக ஆரம்பி. என்னைப் பற்றி உனக்கு இருக்கிற குறை அத்தனையும் சொல். என்னால் ஒன்றுக்கும் பதில் பேச முடியாது. இப்படி ஒரு நாள் உனக்கு இனிமேல் கிடைக்கவே கிடைக்காது.

ஓஸ்னெ